ஆபீசர் வருகிறவரை உள்ளே போகக் கூடாது

1

போன வாரம் எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. மாணவிகள் மொத்தம் இரண்டே பேர். கயலுக்குப் பன்னிரண்டு வயது, மித்ராவுக்கு ஏழு. தலைமை ஆசிரியை நான், துணை ஆசிரியை நான், மணி அடிக்கிறவளும் கூட்டிப் பெருக்குகிறவளும் நானே. மூடியது அரசாங்கமில்லை. நான் பெற்ற மூத்த மகளும் எனக்குத் தாலி கட்டியவரும் சேர்ந்து மூடினார்கள். சின்னவளுக்கும் விஷயம் முன்னாலேயே தெரியும். வீட்டில் தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான்.

கேரளத்துச் சின்னக்கானலில் என்னோடு வேலை பார்த்த டீச்சர்மார் போன மாதம் போனில் கேட்டார்கள், "ஏட்டி, வீட்டுக்குள்ளயே ஸ்கூல் நடத்துறியாமே, போட்டோ அனுப்பு" என்று. ஏழெட்டு போட்டோ அனுப்பினேன். எல்லோரும் கைதட்டுகிற படம் போட்டார்கள். அதே ஆட்களிடம் ஒவ்வொருத்தியாகப் பேசி, மூடிவிட்டேன் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டாம், அதைச் சொல்ல இங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு ஐந்து வருடம். வீட்டுக்காரர் செல்வம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரர். எங்கள் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்த இடத்தில்தான் எங்கள் கல்யாணம் கூடியது. நான் லயத்தில் பிறந்தவள், அதாவது கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீட்டில். அம்மா கொழுந்து கிள்ளினாள். நான் டீச்சர் படிப்புப் படித்து, தமிழ் மீடியம் பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டு வருடம் பாடம் நடத்தினேன். எட்டு வருடமும் தற்காலிகம். எனக்கென்று ஒரு வகுப்பறை கிடையாது. ஒரே ஹாலை மரத்தட்டி வைத்து மூன்றாகப் பிரித்திருப்பார்கள். நான் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்துத் தட்டிக்கு அந்தப்புறம் பாட்டு ஓடும். வருடத்துக்கு மூன்று தடவை என்னை இடம் மாற்றுவார்கள்.

இங்கே வந்து சர்டிபிகேட்டைக் காட்டியபோது, இது இந்த நாட்டில் எதற்குச் சமம் என்று எழுதி வாங்கி வா என்றார்கள். எழுதித் தருகிற இடத்தில் வேறொரு காகிதம் கேட்டார்கள். ஊரில் வில்லேஜ் ஆபீசில் நின்று நின்று பழகியவள் நான். அங்கே கத்தவாவது ஒரு ஆள் எதிரில் இருப்பார். இங்கே மின்னஞ்சலில் 'அன்புள்ள' என்று ஆரம்பித்து, முடியாது என்று முடிக்கிறார்கள். இப்போது சாயங்காலம் நான்கு மணி நேரம் ஒரு முதியோர் இல்லத்தில் துணி மடிக்கிறேன். படுக்கை விரிப்பு மடிப்பதில் அங்கே என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

2

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது நான்தான். தமிழில் கேட்டால் கயல் இங்கிலீஷில் பதில் சொல்லத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் ஊரிலிருந்து என் அம்மா போனில் கூப்பிட்டாள். கயல் போனை வாங்கி, 'ம்' கொட்டிவிட்டு, என்னிடம் நீட்டி, பாட்டி என்ன சொல்கிறாள் என்று இங்கிலீஷில் கேட்டாள். அம்மா சொன்னது வேறொன்றுமில்லை, "சாப்டியா தாயி, என்ன கறி" என்றுதான் கேட்டிருக்கிறாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நாட்டில் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். எழுதினேன். அனுப்பிய பிறகுதான் அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "உனக்குச் சரின்னு பட்டாச் செய் அம்மிணி" என்றார். நானும் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் தமிழுக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன், அது பொய்யில்லை. ஆனால் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியபோது எனக்கு வந்த சந்தோஷம், டீச்சர் வேலைக்கு முதன்முதலாக ஆர்டர் வாங்கிய நாளில் வந்த அதே சந்தோஷம்தான்.

3

மாடியில் ஒரு சின்ன அறை. பெட்டி படுக்கை போட்டு வைத்திருந்தோம். அதைக் காலி செய்தேன். வாடகை வீடு, அதனால் பெயிண்ட் அடிக்க வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதிக் கேட்டேன். போகும்போது பழையபடி வெள்ளை அடித்துக் கொடுத்துவிட வேண்டும், ஆணி மட்டும் அடிக்கக் கூடாது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லயத்திலும் அப்படித்தான், சுவர் கம்பெனியுடையது, ஒரு காலண்டர் மாட்டக்கூட யோசிப்போம்.

மூன்று சுவருக்கு இளமஞ்சள். ஒரு சுவருக்குக் கரும்பலகைப் பெயிண்ட். அது மூன்று பூச்சு கேட்டது, ஒவ்வொன்றும் காய ஒரு நாள். பழைய சாமான் கடையில் இரண்டு மேசை வாங்கி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் கம்பளித் துணியில் வெட்டி, ஓரம் தைத்து, கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டேன். ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிக்குச் சட்டைப் பொத்தான். ஜன்னலோரம் வாசிக்கிற மூலை, என் பழைய சேலையில் தைத்த திண்டு. கடையில் விற்கிற தேசப்படத்தில் எங்கள் ஊர்கள் எறும்பு அளவுக்குக்கூட இல்லை. அதனால் நானே இடுக்கியையும் பாலக்காட்டையும் பெரிய அட்டையில் வரைந்தேன். எலப்புள்ளியில் ஒரு வயல், சின்னக்கானலில் ஒரு தேயிலைச் சரிவு. உடும்பஞ்சோலையில் என் சித்தி மகள் அனுப்பிய ஏலக்காயையே ஒட்டினேன். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைப் புத்தகத்துக்குள் வைத்து அனுப்பச் சொல்லி, அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டேன். ஒரு வருகைப் பதிவு அட்டை. ஒரு பித்தளை மணி. கதவில் வண்ணத்தாள் தோரணம்.

இதெல்லாம் ஒரு மாதத்து வேலை என்று நினைத்தேன். அக்டோபரில் தொடங்கியது மார்ச் வரை இழுத்தது. அதுவரை பாடம் அடுப்படி மேசையில் நடந்தது. நான் கறிக்கு வெங்காயம் நறுக்குவேன், கயல் செய்தியை உரக்க வாசிப்பாள், மித்ரா சப்பாத்தி மாவில் 'அ' உருட்டுவாள். நோட்டுப் புத்தகத்தில் மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை, சாம்பார் கறை. கறைக்கு நடுவில் இருவரும் நன்றாகத்தான் படித்தார்கள். கயல் பாட்டியோடு போனில் பத்து நிமிடம் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

மாடி அறைக்குள் மட்டும் இருவரையும் விடவில்லை. முதலில் பெயிண்ட் காயட்டும் என்றேன். பிறகு பசை காயட்டும் என்றேன். மித்ரா ஒரு நாள் உள்ளே நுழைந்து வாசிக்கிற மூலையில் பிஸ்கட் தின்றுவிட்டாள். அன்றைக்கு நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

4

ஜனவரியில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. வீட்டில் எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு அலுவலர் வந்து பார்க்கலாமா, விருப்பமில்லை என்றால் பிள்ளைகள் எழுதியதில் சிலதைத் தபாலில் அனுப்பினாலும் போதும் என்று எழுதியிருந்தார்கள். செல்வம் வாசித்துவிட்டு, "நாலு நோட்ட அனுப்பிப்போட்டா முடிஞ்சுது. எதுக்கு ஆபீசர ஊட்டுக்குக் கூப்பிடோணும்?" என்றார்.

"ஆபீசர் வரட்டான்னு கேக்கும்போது வேண்டாம்னு சொல்லுவாகளா யாராவது?" என்றேன். அப்படிச் சொல்லலாம் என்பது எங்கள் ஆட்களுக்குக் கனவில்கூட வராது. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது லயத்தைப் பார்வையிட ஒரு லேபர் ஆபீசர் வந்தார். வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். சாக்கடையில் பவுடர் போட்டார்கள். எங்கள் வீட்டுக் கூரை ஐந்து இடத்தில் ஒழுகும், அதற்குக் கீழே வைத்திருந்த குண்டான், ஈயப்போணி எல்லாவற்றையும் அம்மா கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். ஆபீசர் வாசலில் நின்று, வீடு ஒழுகுதா என்று நல்ல தன்மையாகத்தான் கேட்டார். "இல்லைங்கய்யா, குறை ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா. அவள் கை என் தோளை அழுத்திக்கொண்டிருந்தது. அவர் போன பிறகு ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். "ஆபீசரு இன்னைக்கு வந்துட்டுப் போயிருவாக. சூப்பர்வைசரு நாளைக்கும் இங்கனதான் இருப்பாரு" என்றாள். அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் அந்தக் குண்டான்களைத் தூக்கி ஊற்றினேன்.

நான் டீச்சரான பிறகும் அதே கதைதான். ஏ.இ.ஓ., அதாவது உதவிக் கல்வி அதிகாரி, பார்வைக்கு வருகிற நாளில்தான் சார்ட்டுகள் பீரோவை விட்டு வெளியே வரும். பிள்ளைகள் கை பட்டால் கசங்கிவிடும் என்று மற்ற நாளெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டியிருப்போம். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளைக் கடைசி வரிசைக்கு அனுப்புவோம். அன்று மாலை சார்ட்டுகள் மறுபடி பீரோவுக்குள் போகும். இதில் தப்பு இருக்கிறது என்று எட்டு வருடத்தில் எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை.

அதனால் கவுன்சிலுக்கு, தாராளமாக வாருங்கள் என்று பதில் எழுதினேன். மார்ச் கடைசியில் நாள் குறித்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம், ஆபீசர் வருகிறவரை உள்ளே போகக் கூடாது.

5

ஆபீசர் வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் நோட்டுகளையெல்லாம் வாரி ஒரு சூட்கேஸில் போட்டு, கட்டிலுக்கடியில் தள்ளினேன். அந்தக் கறையை யாராவது ஆபீசர் கண்ணில் காட்டுவார்களா? புது நோட்டு வாங்கி இரண்டு பக்கம் அழகாக எழுத வைத்தேன். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். மித்ரா கடகடவென்று ஒப்பித்தாள். கயல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தது ஐம்பது வயதுப் பெண். நனைந்த மழைக்கோட்டோடு வந்து, செருப்பைக் கழற்றவா என்று அவரே கேட்டார். எனக்கு உடனே பிடித்துவிட்டது. கதவைத் திறந்து காட்டினேன். அவர் வாய் திறந்து நின்றார். கம்பளி எழுத்தைத் தொட்டுப் பார்த்தார், தேசப்படத்தின் ஏலக்காயை முகர்ந்து பார்த்தார். எனக்குள்ளே மேளம் கொட்டியது.

பிறகு, பிள்ளைகளின் 'வொர்க்' எங்கே என்று கேட்டார்.

எனக்குச் சுரீர் என்றது. "எங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போவதில்லை மேடம், படிக்க மட்டும்தான் செய்கிறார்கள்" என்று இங்கிலீஷில் அழுத்தமாகச் சொன்னேன். எஸ்டேட்டில் பிறந்த புத்தி வேறெங்கே போகும்? அவர் சிரிக்கவில்லை. பிள்ளைகள் எழுதியது, வரைந்தது ஏதாவது காட்டுங்கள் என்றார். புது நோட்டைக் கொடுத்தேன். இரண்டு பக்கத்துக்குப் பிறகு வெள்ளையாக இருந்தது. அவர் மேசையைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார். சாக்பீஸ் ஒன்றுகூட உடையாமல் டப்பாவில் இருந்தது. இந்த அறையில் எத்தனை நாளாகப் படிக்கிறீர்கள் என்று கயலைப் பார்த்துக் கேட்டார்.

தினமும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, இதுதான் நான் சொல்லிக்கொடுத்த பதில். கயல் அதைச் சொல்லவில்லை. எழுந்து போய்க் கட்டிலுக்கடியிலிருந்து சூட்கேஸை இழுத்துக்கொண்டு வந்து, அந்த அறை நடுவில் திறந்து வைத்தாள். நாங்கள் இங்கே படிக்கவில்லை, கீழே அடுப்படியில் படிக்கிறோம், இந்த அறைக்குள் இன்றைக்குத்தான் விட்டார்கள் என்றாள். நல்ல இங்கிலீஷில், நிதானமாக.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து மஞ்சள் கறை நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அரைமணி நேரம் புரட்டியிருப்பார். இது மிக நல்ல கல்வி, இதை ஏன் ஒளித்தீர்கள் என்று என்னைக் கேட்டார். அவர் கண்ணில் நிஜமான மரியாதை இருந்தது. இந்த நாட்டில் என்னை டீச்சர் என்று பார்த்த முதல் கண் அதுதான்.

அப்போது கயல் சொன்னாள், எனக்கு ஸ்கூலுக்குப் போக வேண்டும் என்று. என் மானத்தைக் காப்பாற்றிய அதே மூச்சில் சொன்னாள்.

ஆபீசரம்மாள் அதற்கு ஆச்சரியப்படவில்லை. ஆமாம், விண்ணப்பம் எங்கள் கவுன்சிலுக்குத்தானே வந்தது, இருவருக்கும் இடம் கிடைத்துவிட்டதே, திங்கட்கிழமை சேர வேண்டியதுதானே என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன், மன்னியுங்கள் என்று என் கையைத் தொட்டார். அந்தக் கையை உதறாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

6

செல்வம் வேலை முடிந்து வந்ததும் கேட்டேன். அவர் கோட்டுகூடக் கழற்றவில்லை.

"நாந்தான் பாரம் பூரிப்பிச்சுக் குடுத்தேன்" என்றார். அவருக்குப் பதட்டம் வந்தால் பாலக்காட்டு ஆபீஸ் பேச்சு வந்துவிடும்; ஸ்கூலில் சேர்க்கிற விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாராம். "மூணு வாரமாச்சு. புள்ள ராவெல்லாம் அழுகுது, பாத்துட்டு இருக்க முடியல. உன்றகிட்டச் சொல்லோணும்னுதான் இருந்தேன்."

"அதுல நான் ஒப்பு போட வேண்டாமா?" என் கையெழுத்து இல்லாமல் எப்படி என்றுதான் கேட்டேன்.

"ஒருத்தர் போட்டாப் போதும்னு எழுதியிருந்துச்சு."

"ஆபீசர் வந்து சொல்லட்டும்னு விட்டுட்டீங்க. நான் வாங்க வாங்கன்னு கூப்பிட்ட ஆளு வாயாலயே இத என்னக் கேக்க வச்சிருக்கீங்க."

"உன்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லத் தைரியம் வல்ல அம்மிணி" என்றார்.

பதினான்கு வருடமாக எனக்குத் தெரிந்த மனுஷன். ஒரு பொய் சொன்னால் காது சிவந்துவிடும். மூன்று வாரம் எனக்கு எதிரில் உட்கார்ந்து சோறு தின்றார், அறை நல்லா வந்திருக்கு என்று சொன்னார், தோரணம் கட்ட நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். காது சிவந்ததா என்று நான் பார்க்கவே இல்லை. கூட இருந்தே குழி பறிப்பது என்று ஊரில் சொல்வார்கள். குழி பறித்தவர் எனக்கு நாற்காலியும் பிடித்திருக்கிறார். செப்டம்பரில் பிள்ளைகளை நிறுத்த நான் தனியாக எழுதிய கடிதத்தை அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டாவது மனதைக் கொட்டியிருப்பேன். அதற்கும் அவர் வழி விடவில்லை.

மித்ராவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மிட்டாய் தின்றதைக்கூட மறைக்கத் தெரியாத பிள்ளை. "அப்பா சொல்லக் கூடாதுன்னாங்க. நீ அழுவேன்னாங்க" என்றாள். அந்த ஏழு வயது வாயை மூன்று வாரம் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யூனிபாரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். யார் மேல் கோபம் இருந்தாலும் சட்டை கசங்கிப் போகக் கூடாது. கயல் வந்து பக்கத்தில் நின்றாள். நான்கு நாளாக அவளிடம் நான் பேசவில்லை.

"கோவமாம்மா?"

"வளர்த்த கடா மார்ல பாஞ்சா வலிக்காதா?" என்றேன். "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னியாடி நீ?"

"சொன்னேம்மா. ஜனவரியில சொன்னேன். எனக்கு ஸ்கூலுக்குப் போகணும், பிரண்ட்ஸ் இல்லாம இருக்க முடியலன்னு சொன்னேன். நீ ஏணி மேல நின்னு பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்த. அப்பறம் பேசலாம், சுவத்துல சாயாதன்னு சொன்ன. அப்பறமும் ரெண்டு தடவ வந்தேன்."

ஏணியில் நின்றது ஞாபகம் இருந்தது. சுவரில் சாயாதே என்றதும் ஞாபகம் இருந்தது. அவள் சொன்னது ஞாபகம் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன், இல்லவே இல்லை.

"அந்த ரூம் யாருக்கும்மா?" என்று கேட்டாள். "ஆபீசருக்கா?"

"ஆபீசருக்கு எதுக்குடி?"

"எங்களுக்கும் இல்லல்ல."

உங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள். எனக்கு அந்த ஹாலும் மரத்தட்டியும் நினைவில் வந்து நின்றன, எட்டு வருடம் இடம் மாறி இடம் மாறி நின்ற கால் நினைவில் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"எனக்கு" என்றேன். "அது எனக்குன்னு செஞ்சது."

கயல் தேய்த்து முடித்த சட்டையை எடுத்து, காலர் கலையாமல் கையில் போட்டுக்கொண்டாள். கோபமே இல்லாமல், தட்டில் இருக்கிற கடைசி வடையை நம் பக்கம் தள்ளுகிற மாதிரி சொன்னாள்.

"அப்ப நீயே வச்சுக்கம்மா."